பெயர் சொல்லி ஜெபித்தவள்

விருதுநகரில் நான்குவழிச் சாலையை ஒட்டி இருந்தது அந்த மகளிர் கல்லூரி. மதிய இடைவேளையில், தாவரவியல் ஆய்வகத்துக்குப் பின்னால் உள்ள காலி வகுப்பறையில் சில பெண்கள் கூடி ஜெபிப்பார்கள். நடத்துகிறவள் மூன்றாம் ஆண்டு ஹெப்சிபா. சாத்தூர்க்காரி, அம்மா நர்ஸ்.

கூட்டத்தின் முறை எளியது. முதலில் இரண்டு பாட்டு. வாத்தியம் கிடையாது, ஒருத்தி டிபன் பாக்ஸ் மூடியைத் தட்டித் தாளம் போடுவாள். அப்புறம் ஒரு வசனம். கடைசியில் இருவர் இருவராகப் பிரிந்து, சுவரைப் பார்த்தபடி அருகருகே உட்காருவார்கள். ஒருத்தி தன் பாரத்தைச் சொல்வாள், மற்றவள் அவளுக்காக ஜெபிப்பாள். சுவரைப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. எதிரே இரண்டு கண்கள் இருந்தால் கொஞ்சம் அலங்கரித்துத்தான் பேச வரும். சுவரிடம் உள்ளது உள்ளபடி வந்துவிடும்.

முதலாம் ஆண்டு பொன்மணி அச்சங்குளத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். ஆடி மாத வெயிலில் ஒருநாள் தயங்கித் தயங்கி உள்ளே வந்தாள்.

"ஃபேனுக்குத்தான் வந்தேன்க்கா. நாங்க இருக்கன்குடி மாரியாத்தா கும்புடுறவுக."

"ஃபேனும் அவர் குடுத்ததுதான். உக்காருடி," என்றாள் ஹெப்சிபா.

அதற்குப் பிறகு அவள் ஒரு மதியமும் தவறவில்லை. மூடியில் தாளம் போடுவதே அவள் வேலையாகிவிட்டது. ஆனால் வாய் திறந்து எதையும் கேட்டதில்லை. தீபாவளி சீசன் நெருங்கியபோதுதான் ஒருநாள் சுவரைப் பார்த்துப் பேசினாள்.

"எங்கம்மா மருந்து ரூம்லக்கா. நாலு பேரு இருக்க வேண்டிய எடத்துல எட்டுப் பேர உக்கார வச்சிருக்காக. போன் போட்டும் பாக்க முடியாது, கேட்டுலயே வாங்கி வச்சிருவாக. ரோட்டுல ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டா எனக்குப் பாடம் ஏறாது. இங்கன பாடும்போது மட்டுந்தான் என் காது சும்மா இருக்கு."

பட்டாசு மருந்து அடைக்கும் அறைகளைத் தள்ளித் தள்ளிக் கட்டுகிறார்கள். கதவுகள் வெளிப்பக்கமாகத் திறக்கும். ஆள் கணக்கும் உண்டு. எல்லாம் ஒன்றுக்காகத்தான்: ஓர் உராய்வில் பொறி பறந்தால், உள்ளே இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் முட்டாமல் வெளியே பாய வேண்டும். ஆள் கூடினால் வாசல் போதாது.

"அம்மா பேரு என்ன? என்னன்னு ஜெபிக்கட்டும்?"

"அய்யம்மாள். அம்மா அந்த ரூம விட்டு வெளிய வந்திரணும்."

ஹெப்சிபா ஜெபித்தாள். ஆனால் அது போதும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. சிறு வயதிலிருந்து அவள் கேட்டு வளர்ந்தது இரண்டு: ஜெபம் குறிப்பாக இருக்க வேண்டும், 'எல்லாரையும் ஆசீர்வதியும்' என்று பொதுவாகச் சொல்லிவிட்டு எழக் கூடாது. பலர் ஒருமனப்பட்டுக் கேட்டால் அதற்கு வலு அதிகம். ஞாயிற்றுக்கிழமை மாலை சாத்தூர் ஜெபக்கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் எழுந்து ஜெபிக்கலாம். அவள் எழுந்தாள்.

"ஆண்டவரே, அச்சங்குளத்து அய்யம்மாளை நினைத்தருளும். நாலு பேர் இருக்க வேண்டிய மருந்து அறையில் எட்டுப் பேரில் ஒருத்தியாக உட்கார்ந்திருக்கும் அந்தத் தாயை வெளியே கொண்டுவாரும்."

சபை ஆமென் என்றது. கீபோர்டு வாசிக்கிற ஜெபசுந்தர் மாமாவும் ஆமென் என்றார். அவர் ஏதோ பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேன் என்று ஹெப்சிபாவுக்குத் தெரியும். எந்தக் கம்பெனி என்று கேட்டதில்லை.

செவ்வாய்க்கிழமை பொன்மணி வகுப்பறை வாசலிலேயே நின்றாள்.

"நேத்து எங்கம்மாவக் கேட்டுலயே நிறுத்திட்டாகக்கா. 'எங்க ரூம் கணக்கு சர்ச்சு வரைக்கும் போயிருக்கு, இனி வராத'ன்னாராம் ஃபோர்மேன்."

"நான் ஜெபந்தான் பண்ணேன் பொன்மணி..."

"தெரியும்க்கா. கேட்டது கெடச்சிருச்சுல்ல? அம்மா வெளிய வந்துட்டாக."

அதில் கேலி இருந்திருந்தால் ஹெப்சிபா தாங்கியிருப்பாள்.

அன்று மாலையே ஜெபசுந்தர் வீட்டுக்குப் போனாள். "ஊருக்கே கேக்குற மாதிரி நீதான பாப்பா சொன்ன? இன்ஸ்பெக்ஷன் வந்தா மொதல்ல போறது என் வேலை," என்றார் அவர்.

"இப்ப அந்த ரூம்ல எத்தன பேரு மாமா?"

அவர் கீபோர்டின் உறையை இழுத்து மூடினார்.

சனிக்கிழமை அச்சங்குளம் போனாள். அய்யம்மாள் வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"வா தாயி. எனக்காக ஜெபம் பண்ணின புள்ள நீதானா? ஒங்க சாமிக்குக் காது நல்லாத்தான் கேக்குது. ஃபோர்மேனுக்கு அதவிட நல்லாக் கேக்குது." சிரித்துவிட்டுக் கையைக் கழுவினாள். "நானும் எங்க மாரியாத்தாகிட்ட இதத்தான் கேட்டுக்கிட்டுக் கெடந்தேன். மனசுக்குள்ள கேட்டேன்."

"மன்னிச்சிருங்கம்மா."

"விடு தாயி. திங்கக்கெளம வேற கம்பெனிக்குப் போறேன். கொஞ்சம் தூரம்."

"அங்க என்ன வேலை?"

"எனக்கு வேற என்ன தெரியும்? மருந்து ரூமுதான்."

ஹெப்சிபா உள்ளே பார்த்தாள். கதவருகில் பொன்மணி நின்றிருந்தாள்.

"கூட்டத்துக்கு வாடி. ஒண்ணும் பேச வேணாம். சும்மா உக்காந்திரு."

"இல்லக்கா. இப்ப அங்கன வந்தாலும் காது சும்மா இருக்காது."

கூட்டம் வழக்கம்போல் நடந்தது. தாளம் போட முத்துச்செல்வி வந்தாள். பொன்மணி இப்போது சாலைப் பக்கத்து வராந்தாவில் தனியாகச் சாப்பிட்டாள். ஒரு மதியம் இரண்டாவது பாட்டின் நடுவில் ஆம்புலன்ஸ் ஒன்று அலறிக்கொண்டு வந்தது. மற்றவர்கள் பாடிக்கொண்டே இருந்தார்கள். ஹெப்சிபாவின் காது மட்டும் பாட்டை விட்டுவிட்டது. ஜன்னலுக்கு வெளியே, டிபன் பாக்ஸைப் பிடித்தபடி பொன்மணி எழுந்து நின்றாள். வண்டி மதுரைப் பக்கமிருந்து வருகிறதா, பட்டாசுக் கம்பெனிகள் இருக்கும் சாத்தூர்ப் பக்கமிருந்தா என்று எட்டிப் பார்த்தாள்.

பாட்டு முடிந்தது. இருவர் இருவராகப் பிரிந்தார்கள். முத்துச்செல்வி வந்து ஹெப்சிபாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். சுவரைப் பார்த்தாள். பிறகு திரும்பி, ஹெப்சிபாவின் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்:

"யார்ட்டயும் சொல்ல மாட்டீகள்ல?"