வகுப்புக்குப் போன குற்றம்

முதலாண்டு மாணவர்கள் பாதியில் ஓடிப்போகாமல் காப்பாற்றுவதற்காகக் கல்லூரி ஓர் அறை ஒதுக்கியிருந்தது. பெயர் 'முதலாண்டு வெற்றி மையம்'. கல்லூரியிலேயே ஏசி ஒழுங்காக வேலை செய்யும் அறை முதல்வருடையது, அதற்கு அடுத்தது இதுதான். வக்கீல் அங்கே 'வழித்துணை'யாகச் சேர்ந்ததற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, சமூக அக்கறை. மற்றது மேலே சொன்ன ஏசி.

வக்கீல் என்பது பட்டப்பெயர்தான். ஆள் மூன்றாம் ஆண்டு கணிதம். டீ தண்ணியாக இருக்கிறது என்று கேன்டீன்காரரோடு டீ ஆறும்வரை வாதாடிவிட்டு, ஆறிய டீ கொடுத்ததாக இன்னொரு வழக்கும் தொடுத்தவன்.

வழித்துணையின் வேலை எளிமையானது. வருகை குறைந்தால் கணினித் திரையில் அந்த மாணவரின் பெயர் சிவப்பாக மாறும். சிவப்பானவர்கள் செவ்வாய் மதியம் பெரிய அரங்கில் நடக்கும் தன்னம்பிக்கைப் பயிலரங்குக்குக் கட்டாயம் வரவேண்டும். வராவிட்டால் வழித்துணை அவர்கள் வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லவேண்டும். பயிலரங்கு நடத்துகிறவர் கோட்டு போட்டவர். 'நான் ஜெயிப்பேன்' என்று எல்லோரையும் கத்தச் சொல்வார். சத்தம் போதவில்லை என்றால் மறுபடியும் கத்தச் சொல்வார். சத்தம் ஒருநாளும் போதியதில்லை.

வக்கீலின் பொறுப்பில் விடப்பட்ட சிவப்புகளில் ஒருத்தி சைலன்சர். வாயே திறக்காத பெண் என்பதால் விடுதியில் வைத்த பெயர். அவள் ஒரு திங்கட்கிழமை வராண்டாவில் அவனை மறித்து நின்றாள்.

"அண்ணா, செவ்வாய்க்கிழமை மதியம் எனக்கு கெமிஸ்ட்ரி லேப்."

"அப்ப லேபுக்குப் போ."

"போனா வீட்டுக்குப் போன் பண்ணுவீங்களே."

"அப்ப பயிலரங்குக்கு வா."

"வந்தா லேப்ல ஆப்சென்ட். ஆப்சென்ட் ஏற ஏற இன்னும் சிவப்பாவேன். சிவப்பானா மறுபடியும் பயிலரங்கு." மூச்சு வாங்கினாள். "ஆரம்பத்துல காய்ச்சல்ல படுத்ததுக்கு ஒரே ஒரு லேப்தாண்ணா போச்சு. மிச்சமெல்லாம் தன்னம்பிக்கையில போனது."

வக்கீல் விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். கணக்கு சரியாகத்தான் வந்தது.

"இனிமே ஒரு லேப் விட்டாலும் பரீட்சை எழுத விடமாட்டேன்னு சார் சொல்லிட்டார்" என்றாள். "போன் போச்சுன்னா அது அதைவிட மோசம். அப்பா இல்லை. வீட்டுல எங்கண்ணன் வச்சதுதான் சட்டம். காலேஜ்லேர்ந்து ஒரு புகார் வந்தாலும் பெட்டியைக் கட்டிடணும்னு சொல்லித்தான் அனுப்பினான்."

"ஒரு புகார்கூடவா?"

"அரைப் புகாருக்கே வருவான்."

வக்கீல் அன்றே வாதாடக் கிளம்பினான்.

முதலில் கெமிஸ்ட்ரி சார். அவர் கண்ணாடிக் குழாய் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்து அழுக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். "செவ்வாய்க்கிழமையை நான் கண்டுபிடிக்கலை தம்பி" என்றார். வேறு நாளில் அந்த ஒரு பெண்ணுக்கு மட்டும் லேப் வைக்க முடியுமா என்று கேட்டதற்கு, குழாயிலிருந்து கண்ணை எடுக்காமல், "அவளுக்குக் கெமிஸ்ட்ரி பிடிக்கலைன்னு நினைச்சேன். பிடிக்குமா என்ன?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்து மையத்தின் இயக்குநர் மேடம். அன்பானவர். யார் வந்தாலும் முதலில் தண்ணீர் கொடுப்பார்.

"மேடம், பயிலரங்கை வேற நாளைக்கு மாத்தலாமா?"

"அரங்கம் செவ்வாய் மதியம் மட்டும்தாம்பா காலியா இருக்கு."

"ஏன் மேடம் அப்ப மட்டும் காலி?"

"அந்த நேரத்துல முதலாண்டு எல்லாருக்கும் லேப் ஆச்சே."

வக்கீல் தண்ணீரைக் குடித்துக்கொண்டான். "சிவப்புல இருக்கிறவங்களும் முதலாண்டுதானே மேடம்?"

"அதனாலதாம்பா எல்லாரும் ஒரே நேரத்துல கிடைக்கிறாங்க."

"சரி, பயிலரங்குக்கு வந்ததையே லேப் வருகையா எழுதிடலாமே?"

மேடம் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "அப்படிப் பண்ணா அவங்க சிவப்புலேர்ந்து வெளிய வந்துடுவாங்க. அப்புறம் பயிலரங்குக்கு யாரு வருவா?" பிறகு திரையை அவன் பக்கம் திருப்பினார். ஒரு கோடு மலையேறிக்கொண்டிருந்தது. "பாரு, வாராவாரம் கூட்டம் கூடிக்கிட்டே போகுது. ஆரம்பத்துல முன்வரிசைதான் நிறைஞ்சுது. இப்ப படிக்கட்டுல உட்கார்றாங்க. எல்லாம் உங்க உழைப்புதாம்பா."

சுவரில் முட்டிக்கொண்டால் சுவராவது கொஞ்சம் சுண்ணாம்பு உதிர்க்கும். இங்கே அதுவும் இல்லை. வக்கீல் வெளியே வந்து சைலன்சரிடம், "நாளைக்கு லேபுக்குப் போ. மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றான். கையில் எந்தத் திட்டமும் இல்லாதவர்கள்தான் இதை இவ்வளவு உறுதியாகச் சொல்வார்கள்.

சொன்ன பிறகு ஒரு திட்டம் வந்தது. போன் போட்டதாகச் சொல்லிவிட வேண்டியது. போடாமல் இருந்துவிட வேண்டியது. வழித்துணைகள் பாதிப்பேர் அப்படித்தான் செய்தார்கள்.

செவ்வாய் மதியம் மையத்துக்குப் போனால் மேடம் அவன் மேசைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"இந்த வாரத்துலேர்ந்து எல்லாரும் என் எதிர்ல ஸ்பீக்கர்ல பேசணும்பா. சில பேர் கேர்ள் ஃப்ரெண்டோட பேசிட்டு 'பெற்றோர் திருப்தி'ன்னு எழுதறாங்களாம்."

"எனக்கு அந்த வசதி இல்லை மேடம்."

"முதல்ல இந்தப் பொண்ணு. இன்னைக்கு அரங்கத்துக்கு வரலை." மேடமே எண்ணை அழுத்தினார்.

மணி அடித்தது. எடுக்கக்கூடாதே என்று வக்கீல் வேண்டிக்கொண்டான். உடனே எடுத்தார்கள். பின்னால் இரும்பை இரும்பால் அடிக்கும் சத்தம். அண்ணன் லாரி பட்டறை வைத்திருந்தான்.

"யாருங்க?"

"காலேஜ்லேர்ந்து பேசறேங்க. உங்க தங்கச்சி விஷயமா."

அடிக்கும் சத்தம் நின்றது. "என்ன பண்ணா?"

"ஒண்ணும் பண்ணலைங்க. இன்னைக்கு மதியம் ஒரு நிகழ்ச்சிக்கு வரலை."

"வரலையா? அப்ப எங்க போனா?"

மேடம் தலையாட்டி ஊக்கப்படுத்தினார். வக்கீல் உண்மையைச் சொன்னான். "லேபுக்குங்க."

"லேப்னா?"

"வகுப்புங்க. செஞ்சு பாத்துப் படிக்கிற வகுப்பு."

"அது அவ படிக்க வேண்டியதா, வேற யாரும் படிக்க வேண்டியதா?"

"அவங்க படிக்க வேண்டியதுதாங்க."

"அப்ப எதுக்கு எனக்குப் போன் பண்றீங்க?"

"வகுப்புக்குப் போனதாலதாங்க."

மேடம் ஒரு காகிதத்தில் 'பரிவு' என்று எழுதிக் காட்டினார்.

"தம்பி" என்றான் அண்ணன், நட்டு முறுக்குகிறவனின் நிதானத்தோடு. "என் பட்டறையில ஒருத்தன் வேலை செஞ்சான்னு நான் அவங்க வீட்டுக்குப் போன் பண்ணா, என்னை என்னன்னு சொல்லுவாங்க?"

"புரியுதுங்க."

"இந்த லட்சணத்துல ஒரு காலேஜ். இதுக்கு அவ வீட்டுலயே இருக்கலாம். நாளைக்கு வந்து கூட்டிக்கிட்டுப் போயிடறேன்."

தொடர்பு அறுந்தது. மேடம் நெகிழ்ந்துபோயிருந்தார். "எவ்வளவு ஆர்வமான குடும்பம்! நேர்லயே வராராம்" என்று சொல்லி, அந்தப் பெயருக்கு எதிரே ஒரு பச்சை டிக் போட்டார்.

வக்கீல் கழிவறைக்கு என்று விரலைக் காட்டிவிட்டு ஓடினான். லேப் வாசலில் மூச்சிரைக்க நின்றபோது, சைலன்சர் ஒற்றைக் கண்ணை இடுக்கிக்கொண்டு பியூரெட் குழாயிலிருந்து துளித்துளியாக விட்டுக்கொண்டிருந்தாள். குடுவையில் நிறம் வருவதும் மறைவதுமாக இருந்தது. குழாயைத் திருகி மூடிவிட்டு வந்தாள்.

"போன் போயிடுச்சு. எதிர்ல உட்கார்ந்துட்டாங்க. நான் உண்மையைச் சொல்லி இன்னும் கெடுத்துட்டேன். உங்கண்ணன் நாளைக்கு வராரு."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தான். ஆறுதலுக்கு இரண்டு வரி தயார் செய்து வைத்திருந்தான். அவள் கையை நீட்டினாள். "உங்க போனைக் குடுங்க."

எண்ணை மனப்பாடமாக அழுத்தினாள்.

"அண்ணா, நான்தான்... நாளைக்கு வரியா? வா. எனக்கு சாயங்காலம் வரைக்கும் க்ளாஸ் இருக்கு. வெளிய பெஞ்ச் இருக்கும், உட்காரு. பெட்டியெல்லாம் கட்ட மாட்டேன்."

போனிலிருந்து வந்த சத்தம் நாலு மேசை தள்ளிக் கேட்டது. அவள் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டாள். சத்தம் அடங்கியதும் மறுபடி காதில் வைத்தாள்.

"நீ சொல்றது சரிண்ணா. கிறுக்குக் காலேஜ்தான். ஆனா இங்க லேப் இருக்கு. நம்ம வீட்டுல இல்லை."

அண்ணன் வக்கீலுக்கும் கேட்கும்படி, "வகுப்புக்குப் போனதுக்குக் கோள் சொன்னானே ஒருத்தன், அவன் யாரு?"

"வழித்துணை."

"அவனுக்கு யாராவது வழி காட்டுங்கடி."

வக்கீல் ஆட்சேபணை எதுவும் தெரிவிக்கவில்லை.

"சரி, அடுத்த செவ்வாயும் நீ லேபுக்குப் போவே. அவங்களும் போன் பண்ணுவாங்க. அப்ப நான் என்ன பண்றது?" என்றான் அண்ணன்.

"எடுக்காத."

பட்டறையில் இரும்புச் சத்தம் மறுபடி தொடங்கியது. "எடுக்கலைன்னா ஒண்ணும் ஆகாதா?"

அவள் வக்கீலைப் பார்த்தாள். எடுக்காத வீடுகளை மேடம் 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்று தனியாக வைப்பார். அந்த வீடுகளை யாரும் மறுபடி தொந்தரவு செய்ததில்லை. கல்லூரி முழுக்க வாதாடித் திரிந்தவனுக்கு இது தோன்றவே இல்லை. இல்லை என்று தலையாட்டினான்.

"ஒண்ணும் ஆகாது" என்றாள்.

"அப்ப நாளைக்கு நான் வரலை. ஒழுங்காப் படி" என்று அண்ணன் வைத்துவிட்டான்.

"லேப்ல போனா?" என்று உள்ளிருந்து கெமிஸ்ட்ரி சார் கத்தினார். சைலன்சர் போனை வக்கீலின் கையில் திணித்துவிட்டு, நன்றிகூடச் சொல்லாமல், பியூரெட்டிடம் ஓடினாள்.

மையத்தில் மேடம் அடுத்த எண்ணோடு தயாராகக் காத்திருந்தார். அரங்கத்திலிருந்து 'நான் ஜெயிப்பேன்' என்று கூட்டம் கத்துவது கண்ணாடிச் சன்னலைத் தாண்டிக் கேட்டது. சத்தம் போதவில்லை போலிருக்கிறது, மறுபடியும் கத்தினார்கள்.

ஸ்பீக்கரில் யாரோ ஓர் அம்மா, "சொல்லுங்க" என்றார்.

"வணக்கம்மா. உங்க பையன் இன்னைக்கு வகுப்புக்குப் போயிட்டான்" என்றான் வக்கீல். "சந்தோஷமா சொல்லிக்கறேன். அடுத்த வாரமும் இதே நேரத்துல இந்த நம்பர்லேர்ந்து போன் வரும். எடுக்காதீங்க."