முகத்தளவு கை

…கையை அழிக்க எவ்வளவு நேரம் ஆகும், அரை மணி போதும், வெள்ளையைத் தொட்டு ரெண்டு இழுப்பு இழுத்தால் முடிந்தது கதை, ஆனால் எந்த விரலிலிருந்து ஆரம்பிப்பது என்பதுதான் குலாம் முகம்மதுவுக்குப் பிடிபடவில்லை, சுண்டு விரலா, கட்டை விரலா, சீ, இதென்ன பைத்தியக்காரக் கேள்வி, அழிக்கிறவனுக்கு வரிசை எதற்கு, வரைகிறவனுக்குத்தானே வரிசை… சாரத்துப் பலகையில் பிரஷ்ஷும் கையுமாக உட்கார்ந்தபடியே கால் மணி ஓடிவிட்டது. பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு சைரன் ஊதியாயிற்று, இரண்டரைக்கு ஷிப்ட் மாறும், அதற்குள் முடித்தாக வேண்டும், நாளைக் காலை பத்து மணிக்கு ஃபாக்டரி இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்து இறங்குவார், கேட்டைத் தாண்டியதும் எதிரே தெரிவது இந்தச் சுவர்தான், இருபதடி அகலம், பன்னிரண்டடி உயரம், சுவர் முழுக்க சென்றாயன். பவர் பிரஸ் முன்னால் நிற்கிற சென்றாயன், இடது கை பச்சைப் பட்டன்மேல், வலது கை முன்னால் நீண்டு, மேலிருந்து இறங்கும் அச்சுக்கு அடியில் இருக்கிற தகட்டைத் தொடப்போகிறது. அந்த வலது கையில் இன்றைக்கு மூன்று விரல் கிடையாது, சுவரில் மட்டும் ஐந்தும் இருக்கிறது.

அழகர்சாமி சார் நேற்று கூப்பிட்டுச் சொன்னபோது குரலைக்கூட உயர்த்தவில்லை, பர்சனல் ஆபீசர், மதுரைப் பக்கத்து மனுஷர், யாரையும் திட்டமாட்டார், டீ வாங்கிக் கொடுத்துத்தான் கழுத்தைப் பிடிப்பார். "பாய், அந்த வலது கைய மட்டும் எடுத்துப் பட்டன் மேல வச்சுப்புடுங்க, ரெண்டு கையும் பட்டன் மேல இருக்கணும், அதான ரூல்சு, படம் தப்பால்ல இருக்கு." தப்பாம்! மார்ச் மாசம் சேஃப்டி வாரத்துக்குத் திறந்து வைத்தபோது "உசுரோட நிக்கிறான்யா" என்று தோளில் தட்டிய மனிதர் இவர்தானே, அப்போது கண் எங்கே போயிருந்தது, எங்கேயும் போகவில்லை, மெஷினைத் தொட்டவனுக்கல்லவா ரூல்ஸ் தெரியும், ஆபீஸ்காரர்களுக்குப் படம் அழகாக இருந்தது, அவ்வளவுதான், மெட்ராஸிலிருந்து வந்த பெரியவர்கள் கைதட்டினார்கள், போட்டோ எடுத்துக்கொண்டார்கள். "இந்தத் தடவ பர்மனென்ட் லிஸ்டுல உங்க பேரத்தான் மேல வச்சிருக்கேன்" என்றும் சொன்னார், எட்டு வருஷமாகத் தூணுக்கு நம்பரும் தீ வாளிக்குச் சிவப்பும் அடிக்கிற ஐம்பத்து மூன்று வயது தினக்கூலிக்கு இதைவிட என்ன வேண்டும், மனைவி ஃபகருன்னிசாவும் ராத்திரி அதையேதான் சொன்னாள், செவுத்துல இருக்கற கைதான, மாத்திட்டு வாங்க, நம்ம கைக்கு வேல இருக்கட்டும் என்று. அவள் சொன்னதில் தப்பே இல்லை.

ஆனால் ராமப்பன் விடிந்ததும் மத்திகிரி பஸ் ஸ்டாப்பில் பிடித்துக்கொண்டான், லேத்தில் வேலை, யூனியனில் செயலாளர், "ஒரே ஒரு நாளு தள்ளிப் போடுங்க பாய், காய்ச்சல்னு வூட்ல படுத்துக்கோங்க, இன்ஸ்பெக்டரு கண்ணால பாத்துடட்டும், கம்பெனி செவுத்துலயே இப்பிடி எழுதி வெச்சிருக்கீங்களே, அதப் பாத்து நின்னவன் மேல எப்பிடித் தப்பு வரும்னு நாங்க கேட்டுக்கறோம், கை மாறிடுச்சின்னா எல்லாம் அவன் தலையிலதான், வேலையும் போவும்" என்றான். சரி என்றோ முடியாது என்றோ அவர் சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது, ஏறும்போது ராமப்பன் காதுப்பக்கம் குனிந்து இன்னொன்றும் சொன்னான். "அவன் பட்டன்ல கட்டைய செருவ ஆரம்பிச்சதே உங்க படத்துக்கு அப்புறந்தான், தெரியுமா?" இரண்டு பட்டனையும் இரண்டு கையால் அழுத்தினால்தான் அச்சு இறங்கும், ஒரு பட்டனில் கட்டைத்துண்டைச் செருகி அமுக்கி வைத்துவிட்டால் ஒரு கை மிச்சம், அந்தக் கையால் தகட்டைத் தள்ளலாம், உருப்படி அதிகம் வரும், பாதிப் பேர் செய்கிறார்கள், சூப்பர்வைசர் பார்த்தும் பாராமல் போவார், சென்றாயன் மட்டும் செய்யாமல் இருந்தான், பயந்த பிள்ளை. காய்ச்சல் வந்திருக்கலாம், உண்மையாகவே வந்திருக்கலாம், நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், சில்லென்று இருந்தது.

எல்லாம் அந்தப் புத்தகத்தால் வந்தது… பெங்களூரில் சினிமா பேனர் எழுதிக்கொண்டிருந்த இருபத்தைந்து வயதில் அவென்யூ ரோட்டு நடைபாதையில் வாங்கியது, அட்டை இல்லை, முதல் நாற்பது பக்கம் இல்லை, வரைந்தவன் பேர் ஒன்றும் தெரியாது, மறுமலர்ச்சிக் காலத்து இத்தாலிக்காரர்கள், ஐந்நூறு வருஷத்துக்கு முந்தியவர்கள் என்று ஓசூரில் ஒரு வாத்தியார் படித்துச் சொன்னதோடு சரி. பேனரில் கதாநாயகன் தலை இருபதடி, மற்றவனெல்லாம் கட்டைவிரல் அளவு, இந்தப் புத்தகத்திலோ தண்ணீர்க் குடம் தூக்குகிறவளும் தச்சனும் ராஜாவுக்குச் சமமாகக் காலூன்றி நிற்கிறார்கள், ஒரு பக்கத்திலிருந்து வெளிச்சம், எல்லார் மேலும் ஒரே வெளிச்சம், யா அல்லா, மனுஷனை இப்படிக்கூட மதிக்கலாமா என்று அன்றைக்கு ராத்திரி தூக்கமே இல்லை. அவர்கள் உடம்பை அளந்திருக்கிறார்கள், விரித்த கைகளின் நீளம்தான் ஆளின் உயரம், மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனிவரை எவ்வளவோ அவ்வளவுதான் மோவாயிலிருந்து முடி தொடங்கும் இடம்வரை, உலகத்தில் எதை அளப்பதானாலும் மனுஷனை வைத்து அள என்பதுதான் அவர்கள் கட்சி. அதே கட்சியில் மனதுக்குள் கிட்டத்தட்ட முப்பது வருஷம் இருந்துகொண்டு, பேனரும் தூண் நம்பரும் எழுதியவருக்கு, கடைசியில் ஒரு சுவர் கிடைத்தது. பதினோரு நாள், சோறு தண்ணி நினைவில்லாத பதினோரு நாள்.

படத்துக்கு ஆள் தேடிப் பிரஸ் ஷாப் முழுக்கச் சுற்றியபோது சென்றாயன் அகப்பட்டான், தளிப் பக்கத்துக் கிராமம், வீட்டில் கன்னடம், வெளியில் தமிழ், இருபத்தாறு வயது, கேழ்வரகுக் காட்டில் வளர்ந்த தோள், அந்தக் கை… வலது உள்ளங்கையை அவன் முகத்தில் வைத்துப் பார்த்தார், மோவாய்க்கு மணிக்கட்டு, முடியின் விளிம்புக்கு நடுவிரல், நூல் பிடித்தாற்போல் வந்தது. அவனுக்கு ஒரே குஷி, கேண்டீனில் ஒவ்வொருத்தன் முகத்திலும் அவனவன் கையை வைத்து அளந்து தொல்லை பண்ணினான், வீட்டில் பெண்டாட்டி கெம்பம்மாவுக்கும் ரெண்டு வயசுக் குழந்தைக்கும் அளந்து பார்த்து வந்து சொன்னான். மெஷின் முன்னால் நிறுத்தி வைத்தபோது இரண்டு கையையும் பட்டன்மேல் வைத்துக் குனிந்து நின்றான், அதுதான் ரூல்ஸ், ஆனால் இவர் கண்ணுக்கு முளைக்குச்சியில் கட்டிப்போட்ட ஆடு மாதிரி இருந்தது, இதையா பதினோரு நாள் எழுதுவது, மனுஷன் என்றால் கை நீள வேண்டாமா, "வலது கைய எடுத்து முன்னால நீட்டுடா" என்றார். "ரெண்டு கையும் அழுத்தலன்னா மிஷினு எறங்காது பாய், ஒரு கைய எடுத்தா அது படம், வேல இல்ல" என்று சிரித்தான். "படந்தாண்டா கேக்கறேன்." நீட்டினான், ஜன்னல் வெளிச்சம் விரலில் விழுந்தது, பிரஸ் வரிசை, கூரைக் கம்பி, தரையில் மஞ்சள் கோடு, எல்லாவற்றையும் ஓடவிட்டு அந்த விரல் நுனியில் கொண்டுவந்து முடிச்சுப் போட்டார், இத்தாலிக்காரன் செய்கிற மாதிரியே. அதற்கப்புறம் சென்றாயனைப் படத்துக்காரன் என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள், யார் வந்து பார்த்தாலும், எங்க, படத்துல நிக்கற மாதிரி நில்லு என்பார்கள், அவனும் நிற்பான்.

உருவம் எழுதுனவனை மறுமையில் கூப்பிட்டு, இதுக்கு உசுரு குடுன்னு கேப்பாங்கடா, உன்னால முடியாது, அப்ப என்ன பண்ணுவே… வேப்பனப்பள்ளி மாங்காய் மண்டியில் கூடைகளுக்கு நடுவே நின்றுகொண்டு அத்தா சொன்னது, பேனர் எழுதப் போகிறேன் என்று சொன்ன அன்றைக்கு. அத்தா பாவம், கேள்வியைத் தப்பாக நினைத்துக்கொண்டார், படத்துக்கு யார் உசுரு கேட்கப்போகிறார்கள், இந்த ஆளுக்கு மூணு விரல் குடு என்றல்லவா கேட்பார்கள், அதற்கு என்ன பதில்? போன ஆடி மாசத்து வியாழக்கிழமை, தீ வாளிக்கு நம்பர் போட்டுக்கொண்டிருந்தார், ஒரு பிரஸ் நின்றால் யாருக்கும் தெரியாது, அன்றைக்கு வரிசையாக எல்லாம் நின்றது, அந்த அமைதி, இவ்வளவு பெரிய கட்டடத்தில் அப்படியோர் அமைதியை அவர் கேட்டதே இல்லை, ஓடிப்போய்ப் பார்த்தபோது சென்றாயன் அழவில்லை, பிரஸ்ஸுக்கு முன்னால் அதே மாதிரி நின்றுகொண்டிருந்தான், கையைத்தான் பார்க்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஒருமுறைகூடப் போகவில்லை, போக நினைத்ததெல்லாம் பஸ் ஸ்டாப்போடு நின்றுவிட்டது.

மணி ஒன்றே முக்கால். சரி, ராமப்பன் சொன்னபடி கீழே இறங்கிவிட்டால் என்ன, வயிற்று வலி என்று போய்விட்டால்… இன்ஸ்பெக்டர் வருவார், பார்ப்பார், எழுதினது யார் என்பார், கூப்பிடுவார்கள், ஏன் இப்படி எழுதினாய், நான்தான் நீட்டச் சொன்னேன் சார், அவன் மாட்டேன் என்றான் சார், நான்தான்… நாக்கு வருமா? வராது, தெரிந்த விஷயம், ஐம்பத்து மூன்று வருஷமாகத் தெரிந்த நாக்கு. பிரஷ் வெள்ளை டப்பாவுக்குள் போனது, அவர் போகச் சொல்லவில்லை, அதுவாகப் போனது, முதல் இழுப்பில் நடுவிரலும் மோதிர விரலும், இரண்டாவது இழுப்பில் மீதி, அச்சு இறங்குகிற வேகத்துக்கு இது ஒன்றும் குறைச்சல் இல்லை, பாவி, இரண்டாம் முறையும் உன் கையால்தானா. வெயிலில் சீக்கிரம் காய்ந்தது, அதன்மேல் தகட்டின் சாம்பல் நிறத்தை இழுத்துவிட்டார், முழங்கையை மடக்கிப் பட்டன் பக்கம் கொண்டுவந்தார். பட்டன்மேல் புதுக் கை வைக்க வேண்டும், பார்த்து எழுத ஆள் வேண்டுமே, எல்லாரும் மெஷினுக்குத் திரும்பியாயிற்று, வெளியில் ஒருவரும் இல்லை, இடது கையைத் தொடைமேல் வைத்து, பட்டனை அழுத்துகிற மாதிரி விரலை மடக்கி, அதையே வலதாகத் திருப்பி எழுதினார், நரம்பு, நகம், கட்டைவிரல் ரேகை, கை மட்டும் நன்றாகவே வந்தது, கை வேலைக்குக் குறையே சொல்ல முடியாது. சாரத்தை விட்டு இறங்கிப் பத்தடி பின்னால் போய்ப் பார்த்தார், பிரஸ் வரிசை ஓடுகிறது, கூரை ஓடுகிறது, மஞ்சள் கோடு ஓடுகிறது, எல்லாம் போய்ச் சேருகிற இடத்தில் ஒன்றுமே இல்லை, வெறும் தகடு.

"மாத்திட்டீங்களா பாய்."

பின்னால் சென்றாயன். வெள்ளைத் துணி சுற்றிய கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, துவைத்த சட்டையில், ஒரு சுற்று இளைத்துப்போய். ஆபீஸ்ல சொன்னாங்கடா என்று குலாம் முகம்மது ஏதோ உளறினார், அவன் அதைக் கேட்கவில்லை, சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரியாத்தான் எழுதிக்கீறீங்க. ரெண்டு கையும் பட்டன் மேல. நானு இப்பிடியே நின்னிருக்கோணும்."

திட்டியிருக்கலாமே, நீதானே நீட்டச் சொன்னாய் என்று சட்டையைப் பிடித்திருக்கலாமே, அதற்குத்தானே இத்தனை நாளாகப் பயந்தது. எதுக்குடா வந்தே என்று கேட்டார். அழகர்சாமி சார் ஆள் அனுப்பினாராம், ஒரு பேப்பரில் கையெழுத்து வேண்டுமாம், கையெழுத்து எங்கே போடுவது, இடது கைப் பெருவிரலை வைத்துவிட்டானாம். என்ன பேப்பர்? "என் தப்புதான்னு. அப்பிடி எழுதிக் குடுத்தா கேண்டீன்ல எதனா வேல பாக்கலாம்னாங்க." எப்போது வைத்தாய் என்று கேட்டபோது அவருடைய குரல் அவருக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. "காலையில பத்து மணிக்கே வெச்சிட்டேன் பாய், இவ்ளோ நேரம் டாக்டரு சீட்டுக்கு ஒக்காந்திருந்தேன்." பத்து மணிக்கு அவர் சாரமே கட்டியிருக்கவில்லை… அப்படியென்றால் எல்லாம் அப்போதே முடிந்துவிட்டது, அழித்தாலும் அழிக்காவிட்டாலும் ஒன்றுதான், அப்பாடா என்று ஒரு மூச்சு நெஞ்சிலிருந்து இறங்கியது, இறங்கின மாத்திரத்தில் உடம்பு கூசிப்போனது, எதற்கு அப்பாடா, ஒருத்தன் பிழைப்பு போனதற்கா?

"ஒண்ணு சொல்லட்டா பாய், ஆஸ்பத்திரில படுத்துகினே வெச்சிப் பாத்தேன், எடது கையிலயும் அதே அளவுதான் வருது." இடது உள்ளங்கையை முகத்தில் வைத்துக் காட்டினான், மோவாய்க்கு மணிக்கட்டு, முடிக்கு நடுவிரல், நூல் பிடித்தாற்போல், விரல் சந்தில் கண் சிரித்தது. பிறகு கேட்டைப் பார்த்து நடந்துவிட்டான். இரண்டரை சைரன் ஊதியது, ஒரு கூட்டம் உள்ளே வந்தது, ஒரு கூட்டம் வெளியே போனது, சுவரை ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை, அவர்தான் பார்த்தார், ஏதோ உறுத்துகிறது, அந்தப் புதுக் கை, சின்னதாக இல்லை? அந்த முகத்துக்கு அந்தக் கை பற்றாதோ? இடது கையைத் தூக்கினார், சென்றாயன் வைத்த மாதிரியே மோவாயில் மணிக்கட்டை ஊன்றி விரலை மேலே விட்டார், எத்தனை முகத்துக்கு அளந்திருக்கிறார், தனக்கு வைத்துப் பார்த்ததே இல்லை, நடுவிரல் புருவத்தைத் தாண்டி நெற்றியில் பாதியிலேயே நின்றுவிட்டது, இன்னொரு தரம் வைத்தார், அதே இடம். முன்வழுக்கை விழுந்து வருஷம் பத்தாகிறது, முடி மேலே ஏறிப்போனதால்தான் எட்டவில்லையோ, இல்லை, என்றைக்குமே எட்டாத கைதானோ… முடி இருந்த காலத்தில் ஒரு தரம் வைத்துப் பார்த்திருக்கலாம், வைத்துப் பார்க்கவே இல்லையே.