ஏழாவது புள்ளி

திங்கட்கிழமை காலை, ஈஸ்ட் வளர்க்கிற முப்பது டிகிரி பெட்டியைத் திறந்தேன். தட்டில் நான் வைத்த பன்னிரண்டு ஈஸ்ட் புள்ளிகளும் வளர்ந்திருந்தன. பன்னிரண்டும்! அங்கேயே ஒரு சுற்று ஆடினேன். பெட்டிக் கதவு முழங்கையில் இடித்தது. அதையும் வாழ்த்தாகவே எடுத்துக்கொண்டேன்.

ஏன் இந்த ஆட்டம் என்றால், இந்த ஆய்வகத்தில் எனக்கு ஆறு மாதத் தவணை. வெள்ளிக்கிழமை கூட்டத்தில் என் வேலையைக் காட்ட வேண்டும். அதைப் பார்த்துவிட்டு என்னை வைத்துக்கொள்வதா, பையைத் தூக்கச் சொல்வதா என்று ஆய்வகத்தை நடத்தும் மேடம் முடிவு செய்வார். அதுவரை நான் சாதித்தது உடைந்த குடுவைகள் இரண்டு.

வேலை இதுதான். செல்லுக்குள் புரதம் செய்கிற இயந்திரம் ரைபோசோம். ஈஸ்ட்டில் அதைக் கட்டி முடிக்க இருநூறு உதவிப் புரதங்கள் வரும், பிடிக்கும், பொருத்தும், கிளம்பிப் போய்விடும். யார் யாரைப் பிடிக்கிறார்கள் என்று கண்ணால் பார்க்க முடியாது. அதனால் ஒரு தந்திரம். ஒரு சுவிட்சை இரண்டு துண்டாக்கி, ஒன்றை இந்தப் புரதத்தின் முதுகிலும் மற்றதை அந்தப் புரதத்தின் முதுகிலும் கட்டிவிடுவோம். இரண்டு புரதமும் கைகோத்தால் சுவிட்ச் சேரும். ஈஸ்ட் தனக்கு வேண்டிய ஒரு சத்தைத் தானே செய்துகொள்ளும். அந்தச் சத்தே இல்லாத தட்டில் வைத்தால், கைகோத்தது பிழைக்கும், கோக்காதது பட்டினி.

எனக்குக் கொடுத்த உதவிப் புரதம், புள்ளிக்கு ஒருவராக வைத்த பன்னிரண்டு பேரோடும் கைகோத்துவிட்டது. அதற்கு உடனே 'தரகர்' என்று பெயர் வைத்தேன்.

ஒழுங்காக வேலை செய்கிறவர்கள் பதிமூன்றாவதாக ஒரு புள்ளி வைப்பார்கள். தரகர் ஒரு பக்கம், மறுபக்கம் யாருமில்லாத வெறும் துண்டு. அது பட்டினியில் சாக வேண்டும். நான் அதை வைக்கவில்லை. மறதி எல்லாம் இல்லை. மூன்று வரிசை, வரிசைக்கு நான்கு என்று வைத்தால் படத்தில் அழகாக இருக்கும். பதிமூன்று அசிங்கமாகத் துருத்திக்கொண்டு நிற்கும். இவ்வளவுதான் என் விஞ்ஞானம்.

பக்கத்து மேசை அண்ணன், நாள் முழுக்க மைக்ரோஸ்கோப்பில் கண்ணை ஒட்டிக்கொண்டே இருப்பவர், எட்டிப் பார்த்தார்.

"என்ன, உன் ஆளு வர்றவன் போறவன் எல்லார் கையையும் பிடிக்கிறாரு? எலெக்ஷன்ல நிக்கிறாரா?"

"பொறாமைண்ணே உங்களுக்கு."

"ஆமாமா. எரியுது, ஃபேன் போடு."

மதியத்துக்குள் வீட்டுக்குச் சொல்லிவிட்டேன். மாலைக்குள் அம்மா அதைப் பெரியம்மா, சித்தப்பா, பல் டாக்டர் வரை எல்லாருக்கும் சொல்லிவிட்டாள்.

மேடம் தட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "ஓரம் இழுகிக் கிடக்கு. இன்னொரு தடவ சுத்தமா போடு. வெள்ளிக்கிழமை அத காட்டு."

போட உட்கார்ந்தேன். ஏழாம் எண் குழாயில் பூஞ்சை. தட்டின் நடுவில் ஒரு ஓட்டை விழுமே! பொக்கை வாய் மாதிரி இருக்குமே! குளிர்ப்பெட்டியைக் குடைந்தபோது, எனக்கு முன்னால் இருந்தவர் செய்துவைத்த அந்த 'வெறும் துண்டு' ஈஸ்ட் கிடைத்தது. எப்படியும் சாகத்தான் போகிறது, மங்கலாக ஒரு தடமாவது தெரியட்டும் என்று ஏழாவது இடத்தில் அதை வைத்தேன். வேறு எந்த யோசனையும் எனக்கு இல்லை. இருந்ததாகச் சொன்னால் பொய்.

வியாழக்கிழமை திறந்தேன். பன்னிரண்டும் வளர்ந்திருந்தன. ஏழாவதுதான் இருப்பதிலேயே கொழுகொழுவென்று இருந்தது.

இந்த முறை ஆடவில்லை. கையைப் பிடிக்க ஆளே இல்லாத இடத்தில் சுவிட்ச் எப்படிப் போட்டுக்கொண்டது? தரகர் தன் துண்டை வைத்துக்கொண்டே, யார் துணையும் இல்லாமல், சுவிட்சைத் தட்டிவிடுகிறார். அப்படியானால் மற்ற பதினொரு கல்யாணமும் பொய். இவர் யாருக்கும் தரகர் இல்லை. தனியாக நின்று தனக்குத்தானே கைதட்டிக்கொள்கிற ஆள். வளர்த்தவள் புத்திதானே வரும்.

ஏழாம் புள்ளி என்ன என்று என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. படத்தில் பன்னிரண்டும் அழகாக உட்கார்ந்திருந்தன.

அண்ணனிடம் மட்டும் சொன்னேன். அவர் கண்ணை மைக்ரோஸ்கோப்பிலிருந்து எடுத்தார். அதுவே பெரிய விஷயம்.

"யார்கிட்டயும் சொல்லலயா?"

"இல்லண்ணே."

"சொன்னா மேடம் என்ன சொல்வாங்கன்னு தெரியுமா?"

"கிளம்புன்னு சொல்வாங்க."

"சொல்லலன்னா?"

"இருப்பேன். இருந்து, அடுத்த மூணு வருஷம் இந்தத் தட்டு மேலயே வேலை செய்யணும்."

"யப்பா!" என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணை ஒட்டிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் புதுத் தட்டின் படத்தைத் திரையில் போட்டேன். யாரோ "அட!" என்றார்கள். அந்த "அட!" மூன்று நொடி இனித்தது. பிறகு, "இந்த ஏழாவதுல கூட்டாளியே கிடையாது. வெறும் துண்டு. அதுவும் வளந்திருக்கு. அதனால எதையும் நம்ப முடியாது," என்றேன். கூட்டத்தில் ஒரு நாற்காலி மட்டும் கிரீச்சிட்டது.

"மொதல் தட்டுலயே ஏன் வைக்கல?" என்றார் மேடம்.

"படம் அழகா இருக்கணும்னு."

"அழகா!" கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். "அந்தச் சத்து செய்யறத அடக்குற மருந்து இருக்குல்ல? தட்டுல அத கலந்து போடு. சும்மா தட்டுற சுவிட்சு அத தாங்காது. நெஜமா கை கோத்தது மட்டும் நிக்கும். பதிமூணும் வை. முடிவ அப்புறம் சொல்றேன்."

பதிமூன்றும் வைத்தேன். அசிங்கமாகத் துருத்திக்கொண்டு நின்றது. மூன்று நாளும் பெட்டிக் கண்ணாடியில் மூக்கை அழுத்தி அழுத்தி, கண்ணாடியில் என் மூக்குதான் வளர்ந்தது.

நாலாம் நாள் பார்த்தால், வெறும் துண்டு செத்திருந்தது. பதினொன்று செத்திருந்தன. நான்காவது மட்டும், சின்னதாக, உறுதியாக நின்றது.

தட்டை ஏந்திக்கொண்டு ஓடினேன். மேடம் எண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இது ரெண்டும் கை கோக்கும்னு பதினஞ்சு வருஷமா எல்லாருக்கும் தெரியுமேம்மா."

"தெரியும் மேடம்."

"ஆனா இப்ப உன் தட்டுக்கும் தெரியுது." தட்டை மூடிக் கொடுத்தார். "இன்னும் ஆறு மாசம் இரு. மீதி நூத்தி எண்பத்தேழையும் பாக்கணும். குடுவைய மட்டும் தூக்காத."

வெளியே வந்ததும் அம்மாவைக் கூப்பிட்டேன்.

"என்னடி, உன் தரகர் எத்தனை பேர சேத்து வச்சாரு?"

"ஒருத்தர்மா."

"பன்னெண்டுன்னு சொன்ன?"

"அந்த ஒருத்தரும் ஏற்கெனவே சேந்தவர்தான்."



"சரி, பல் டாக்டர்கிட்ட நீயே சொல்லிடு," என்றாள் அம்மா.