ஏழாம் துணைத்தேற்றம்

காலை ஒன்பது நாற்பது. வாய்மொழித் தேர்வு பதினொன்றுக்கு.

துறையின் காலி வகுப்பறையில் அவள் ஒரே உதாரணத்தை ஏழாவது முறையாக எழுதிக்கொண்டிருந்தாள். வெளித்தேர்வாளருக்கு மாணவர்கள் வைத்த பெயர் ‘உதாரணம்’. எந்த ஆய்வேட்டைக் கொண்டுபோனாலும் அவர் கேட்பது ஒன்றுதான்: “உதாரணத்துக்கு ஒண்ணு சொல்லும்மா.” சொன்னவர்களுக்குப் பட்டம். விழித்தவர்களுக்கு இன்னொரு வருடம். அவளுக்கு இன்னொரு வருடம் கிடையாது. ஆறு முடிந்துவிட்டது. பல்கலைக்கழகம் அதற்கு மேல் பொறுக்காது.

எதிரே அவள் கணவன். லிஃப்ட் மெக்கானிக். அரைநாள் விடுப்பு எடுத்து, சீருடையை மாற்றாமலே வந்து, தேர்வாளர்களுக்கான பிஸ்கட்டைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தான்.

“எத்தனாவது தடவை?”

“ஏழு.”

“தேய்ச்ச சட்டையையே திரும்பத் திரும்பத் தேய்க்கிறே.”

“பாடப்புத்தகத்து உதாரணங்க. தப்பே வராது.”

“அது சரி. உன் புத்தகத்துல ஏத்திப் பார்த்தியா?”

“ஏத்துறதுன்னா?”

“நாங்க லிஃப்ட் மாட்டினா, கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி நாங்களே ஏறி ஒவ்வொரு மாடியா நிப்பாட்டிப் பார்ப்போம். கீழ நின்னுக்கிட்டு ‘ஆகா, நல்ல லிஃப்ட்டு’ன்னு சொல்ல மாட்டோம்.”

அவளுக்குச் சுருக்கென்றது. ஏற்றிப் பார்த்ததில்லை.

அவள் ஆராய்ந்தது வரம்பில்லாத ஆப்பரேட்டர்களை. ஆப்பரேட்டர் என்பது ஒரு மாதிரி இயந்திரம். ஒரு சார்பை உள்ளே போட்டால் வேறொரு சார்பு வெளியே வரும். வரம்புள்ளவை சாதுக்கள். வரம்பில்லாதவை போட்டதை எவ்வளவு பெரிதாக ஊதித் தரும் என்று சொல்ல முடியாது. எனவே கண்டதையும் உள்ளே விடக் கூடாது. யார் போகலாம் என்று ஒரு பட்டியல் வேண்டும். இப்படிப்பட்ட இயந்திரங்கள், ஒவ்வொன்றும் நட்சத்திரக் குறி போட்ட தன் ஜோடியோடு, ஒரே பட்டியலை வைத்துக்கொண்டு கூட்டுக்குடும்பம் நடத்தினால் அதுதான் அவளுடைய இயற்கணிதம். அந்தக் குடும்பத்தைப் பற்றி நூற்றெட்டுப் பக்கம்.

முதல் பக்கத்திலிருந்து உதாரணத்தை ஏற்றினாள். ஒன்றாம் துணைத்தேற்றம், சரி. இரண்டு, மூன்று, சரி. ஆறு வரை வழுக்கிக்கொண்டு போனது. நாற்பத்தோராம் பக்கம், ஏழாம் துணைத்தேற்றம். நின்றுவிட்டது.

பட்டியலில் உள்ளவர்கள் வரிசையாக ஒன்றை நெருங்கினால் அதுவும் பட்டியலில் இருக்கும் என்றது ஏழு. சின்ன வசதி. பன்னிரண்டாம் மேற்கோள் கட்டுரையிலிருந்து அப்படியே எடுத்தது. மீதி அறுபத்தேழு பக்கமும் அதன் தலையில்தான் நின்றன. ஆனால் பட்டியலில் உள்ளவர்களைக் கொண்டு யாரை வேண்டுமானாலும் நெருங்கிவிடலாம். அந்த வசதியைக் கொடுத்தால் பட்டியலில் எல்லாரும் வந்துவிடுவார்கள். எல்லாரையும் உள்ளே விட்டு, ஜோடியையும் வைத்துக்கொண்டிருக்கும் இயந்திரம் சாதுவாகத்தான் இருக்கும். இது பழைய தேற்றம். முதுகலை மாணவர்களுக்கு அவளே பாடம் எடுத்திருக்கிறாள்.

பேனாவை வைத்தாள்.

“என்ன, நடு மாடியில நின்னுடுச்சா?”

“என் புத்தகத்துல வரம்பில்லாதது ஒண்ணுகூட இல்லைங்க.”

“எல்லாம் தப்பா?”

“எல்லாம் சரி. இல்லாத ஒண்ணைப் பத்தி அறுபத்தேழு பக்கம் சரியா எழுதியிருக்கேன்.”

அவன் ஒரு பிஸ்கட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

“இதுக்கா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை என்னைத் துணி துவைக்க விட்டே?”

அப்போது நெறியாளர் வந்தார். அவளுடைய ஆய்வேட்டில் அவர் போட்ட பென்சில் டிக் இருபதாம் பக்கத்தோடு நின்றிருந்தது. அவள் சொன்னதை நின்றபடியே கேட்டார்.

“யாரு கண்டுபிடிச்சது?”

“நான்தான் சார்.”

“வேற யாருக்குத் தெரியும்?”

“இவருக்கு.”

நெறியாளர் கணவனை ஏற இறங்கப் பார்த்தார்.

“இவர் கணக்குக்காரரா?”

“லிஃப்ட் சார்.”

“அப்பாடா.” கதவைச் சாத்தினார். “உதாரணத்தை எழுது. அவர் தலையாட்டினதும் அழிச்சுடு. நாற்பத்தோராம் பக்கத்தை எவன் படிக்கிறான்? அவருக்கு நாலு மணிக்கு ரயில். முதல்ல பட்டம். உண்மை எங்கே ஓடிடப் போகுது?”

பதினொன்றுக்கு ‘உதாரணம்’ வந்தார். ஒல்லியான மனிதர். சட்டைப்பையில் சொந்தச் சாக்பீஸ். அவள் நாற்பது நிமிடம் பேசினாள். அவர் கண் மூடியிருந்தார். முடித்ததும் திறந்தார்.

“நல்லது. உதாரணத்துக்கு ஒண்ணு சொல்லும்மா.”

எழுதினாள். தூரம் போகப் போக வேகமாகத் தேயும் சார்புகள். அவற்றை x-ஆல் பெருக்கும் இயந்திரம். இரண்டே வரி. அவர் தலையாட்டினார். பேனா மூடியைத் திறந்தார். படிவத்தில் கையெழுத்திடும் இடத்தை நெறியாளர் விரலால் காட்டினார். இன்னொரு கையால் அவளுக்குச் சைகை: அழி, அழி.

அவள் டஸ்டரை எடுத்தாள். கடைசி வரிசையில் சீருடையோடு கணவன். அழிப்பாளா மாட்டாளா என்றெல்லாம் பார்க்கவில்லை. கூரையில் மின்விசிறி ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதைக் கழற்றி மாட்டாமல் அவனால் இனி உட்கார முடியாது. அது அவளுக்குத் தெரியும்.

“சார், கையெழுத்துப் போடாதீங்க.”

பேனா நின்றது.

“இந்த உதாரணம் நாற்பத்தோராம் பக்கத்துல ஏறாது. எந்த உதாரணமும் ஏறாது. ஏழாவது துணைத்தேற்றத்தைச் சேர்த்துக்கிட்டா எல்லாமே வரம்புள்ளதா ஆயிடுது.”

நெறியாளர் தண்ணீர்க் குவளையைத் தேடினார்.

‘உதாரணம்’ நாற்பத்தோராம் பக்கத்தைப் புரட்டினார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

“பச்சைப் பிழை. எந்தப் புண்ணியவான் சொன்னான் இதை?”

“மேற்கோள் பன்னிரண்டு, சார்.”

கடைசிப் பக்கங்களுக்குப் போனார். பன்னிரண்டைக் கண்டுபிடித்தார். அதிலேயே நின்றார்.

“இது என் கட்டுரை.”

“ஆமா சார். அப்படியே எடுத்துக்கிட்டேன்.”

பின்வரிசையில் பிஸ்கட் கடிக்கும் சத்தம் பாதியில் நின்றது.

‘உதாரணம்’ கண்ணாடியை இறக்கினார். சிரித்தார்.

“என் கட்டுரையில தப்பு வராதும்மா. நீ அவசரமாப் படிச்சிருக்கே. நான் எடுத்துக்கிட்ட குடும்பமே வேற. அதுல அந்த வரி சரியா நிக்கும். வரம்பில்லாததும் இருக்கும். ஏராளமா இருக்கு.”

அவளுக்கு உயிர் வந்தது. ஏராளம் வேண்டாம். ஒன்று இருந்தால் போதும். ஆறு வருடமும் பிழைத்துவிடும். கரும்பலகையைச் சுத்தமாக அழித்தாள். சாக்பீஸை அவரிடம் நீட்டினாள்.

“உதாரணத்துக்கு ஒண்ணு சொல்லுங்க சார்.”