தணிகாசலத்தின் வயிற்றுக்கு விடிய வேண்டும்

எதிர் வீட்டுத் தணிகாசலம் தம் வயிற்றை ஆய்வுக்கூடத்தில் விட்டுவிட்டு வந்திருந்தார். பால்கனியில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். சட்டை நடுவில் உள்வாங்கியிருந்தது. நான் ஒன்றும் துருவவில்லை. அவர் மனைவி பங்கஜவல்லியிடம் இரண்டு தடவைதான் கேட்டேன்.

மணத்தக்காளிக் கீரைச் சாறு வயிற்றைப் புண்ணிலிருந்து காக்குமா என்று சோதிக்கிறார்களாம். முதலில் சாறு. பிறகு அமிலம். சாறு குடிக்காத வயிறு ஓட்டையாகிவிடும்.

"அது குடிக்க மாட்டேங்குதாம் அக்கா. வாயை இறுக்கிக்கிட்டுக் கெடக்குதாம். கொஞ்சம் கூட வர்றீங்களா?"

அவள் கேட்பதற்குள் நான் செருப்பைப் போட்டிருந்தேன்.

ஆய்வுக்கூடத்து நடை நடக்க நடக்க நீண்டது. காலையில்தான் கிளம்பினோம், ஆனால் ஜன்னல்களில் எல்லாம் அந்தி. முடிவில் வரிசையாகக் கண்ணாடி ஜாடிகள், ஜாடிக்கு ஒரு வயிறு. தணிகாசலத்துடையது உடனே தெரிந்தது. அவரைப் போலவே முகம் கொடுக்காமல் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது.

சோதனை செய்யும் எட்வின் அமிலக் குடுவையோடு நின்றார்.

"இங்க எப்ப சார் விடியும்?" என்றேன்.

"விடியாதும்மா. எப்பவும் சாயங்காலம்தான்."

பங்கஜவல்லி தலையில் அடித்துக்கொண்டாள். "விளக்கு வச்சப்புறம் கீரையா? எங்க வீட்ல தொட மாட்டாங்களே சார்! நான்தான் அப்படிப் பழக்கினேன்."

"அதெல்லாம் சோதனையில சேராதும்மா. அடுத்து இதுக்குத்தான் ஊத்தணும்."

அவள் அழ ஆரம்பித்தாள். நான் தினமும் காலையில் அவள் வாசலில் செய்வதைச் செய்தேன்.

"ஏன் வல்லி, பால் வந்துடுச்சா? மேல் வீட்டு மருமக இன்னும் எந்திரிக்கல, பாத்தியா? வாசல்ல புதுசா ஒரு ஜோடி செருப்பு வேற."

ஜன்னல் வெளுத்தது. வயிறு திரும்பியது. வாயைத் திறந்து ஒரு மடக்குச் சாறு குடித்தது. மற்ற ஜாடிகளிலும் வாய்கள் திறந்தன.

மூச்சு வாங்க நிறுத்தினேன். இருட்டியது. வாய்கள் மூடின.

"நிறுத்தாதீங்கம்மா," என்று எட்வின் நாற்காலி போட்டார்.

மேல் வீட்டுக் கதை தீர்ந்தது. கீழ் வீட்டுக் கதையும் தீர்ந்தது. தணிகாசலத்தின் வயிற்றில் அமிலம் ஊற்றினார்கள். சிவக்கக்கூட இல்லை. பங்கஜவல்லி அதைத் தூக்குவாளியில் வைத்து எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நடை அவளுக்கு மட்டும் குட்டையாக இருந்தது. வரேன் என்றுகூடச் சொல்லவில்லை.

இன்னும் நிறைய ஜாடிகள் இருந்தன. எங்கள் தெருவில் மிச்சம் என் வீட்டுக் கதை ஒன்றுதான். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

எல்லா வயிறுகளும் என் பக்கம் திரும்பியிருந்தன. தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். பளீரென்று விடிந்தது.