ரெய்னோ செருகிய ஒயர்

கனடாவில் எங்கள் வடக்கு ஒன்டாரியோவில் ராத்திரி வண்டியை நிறுத்தினால், காலையில் குளிரில் எஞ்சின் மக்கர் பண்ணாமலிருக்க, எஞ்சின் ஹீட்டரின் ஒயரைக் கரண்டில் செருகிவிட்டுத்தான் படுப்போம். பக்கத்து வீட்டுக்காரன் மறந்திருந்தால் நாமே போய்ச் செருக வேண்டும். செருகாதவனுக்கு இந்த ஊரில் பெண் கொடுக்க மாட்டார்கள்.

இதெல்லாம் தெரிந்திருந்தும், நாங்கள் சோதனைக்குக் கொண்டுவந்த பிக்கப் வண்டியின் முன்னால் பிளக்கை வெளியே தொங்கவிட்ட புத்திசாலி நான்தான். காலையில் பார்த்தால் வெளியே மைனஸ் முப்பத்தொன்று டிகிரி. எஞ்சின் ஆயில் பிளஸ் பன்னிரண்டு.

இன்ஜினியர் ஆர்டிஸ் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய புது பம்ப், பெட்ரோலைப் பேரழுத்தத்தில் நேராகச் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சும். ஆயில் மைனஸ் இருபத்தைந்துக்குக் கீழே போன பிறகு, ஹீட்டர் இல்லாமல், மூன்று விநாடிக்குள் எஞ்சின் கிளம்ப வேண்டும். கிளம்பாவிட்டால் பழைய பம்பே போதும் என்று கம்பெனி மேலிடம் சொல்லிவிட்டது. இரண்டு வருட உழைப்பு. நாளையிலிருந்து குளிர் விடுகிறது, இதுதான் கடைசிக் காலை.

"யாரு செருகினது?" என்றாள்.

நாங்கள் தங்கியிருந்த வீட்டுக்காரர் ரெய்னோ, காபியும் கையுமாக வாசலில் நின்றார்.

"நான்தாம்மா. பாவம், மறந்துட்டீங்கன்னு நெனச்சேன்."

உள்ளேயிருந்து அவர் மனைவி ஐலியின் குரல் வந்தது. "என் பிரசவத்தன்னிக்கு எங்க வண்டி கிளம்பல. அன்னையிலிருந்து ஊர்ல உள்ள வண்டிக்கெல்லாம் இந்த மனுஷன்தான் தாதி."

ஆர்டிஸ் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ரெய்னோவின் முகம் சுருங்கிப் போனது. பிளக்கைக் கட்டிவைக்காதது என் தப்பு என்றேன். யாரும் காதில் வாங்கவில்லை.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "ஏரிக்கு இழுத்துட்டுப் போயிரலாம். அங்க காத்து தோலை உரிச்சிரும்."

அவருடைய கிழட்டு டிரக்கில் கட்டி, உறைந்த ஏரியின் நடுவே இழுத்துப் போய் பானெட்டைத் திறந்து வைத்தோம். ஆயில் இறங்க இறங்க வெயிலும் ஏறியது. பனியில் துளை போட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்த நாலு பேரை ரெய்னோ அதட்டி அழைத்து வந்து, வண்டிக்கு நிழலாகத் தார்ப்பாய் பிடிக்க வைத்தார்.

"வண்டியைச் சூடாக்கத்தான் இவன் கூப்பிடுவான். இன்னிக்கு என்ன, குளிர வைக்கிறான்?" என்றான் ஒருவன்.

"பேசாம பிடிடா."

பத்தரை மணிக்கு ஆயில் மைனஸ் இருபத்தைந்தரை. ஆர்டிஸ் சாவியைத் திருப்பினாள். ரெய்னோ கண்ணை மூடிக்கொண்டார்.

இரண்டு விநாடி. கிளம்பிவிட்டது. டிக்டிக்டிக் என்று ஒரு சத்தமும் வந்தது.

"ஐயோ, ஏதோ உடைஞ்சிருச்சு" என்றார் ரெய்னோ.

"உடையல. பெட்ரோல் பீய்ச்சுற சத்தம்" என்று சொல்லி, ஆர்டிஸ் அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். தார்ப்பாய் பிடித்தவர்கள் சிரித்துக் கைதட்டினார்கள். ரெய்னோ மட்டும் சிரிக்கவில்லை.

"அப்ப இனிமே ஒயர் தேவையில்லைன்னு ஆயிருச்சு" என்றார்.

சாயங்காலம் வண்டியை அவர் வீட்டு வாசலில் நிறுத்தினோம். காலையில் நான் பிடுங்கி உள்ளே கட்டிவைத்திருந்த பிளக்கை ஆர்டிஸ் அவிழ்த்து வெளியே தொங்கவிட்டாள்.

"ரெய்னோ, சோதனை முடிஞ்சிருச்சு. உங்க ஒயர் எங்க?"

"கோட்டைப் போட்டுட்டுப் போங்க" என்று ஐலி கத்துவதற்குள், ஒயரோடு அவர் பாதி முற்றத்தைத் தாண்டிவிட்டார்.