சிக்னலில் அணையும் வண்டி

பழைய வண்டியில் ஏறுவது எனக்குச் சுலபம். சீட் உயரம், கதவு அகலம். உட்கார்ந்துகொண்டு காலைத் தூக்கி உள்ளே வைத்தால் போதும். பையன் வாங்கிக் கொடுத்திருக்கும் புது வண்டியிலோ கிணற்றில் இறங்குகிற மாதிரி இறங்க வேண்டும். வீட்டுக்காரர் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். ஏசி, கேமரா, தானாக மாறும் கியர் என்று வாயெல்லாம் பல்.

"குலுக்கல் இருக்கா பாரு?" என்பார்.

"இல்ல," என்பேன். இல்லைதான். டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது பழைய வண்டி ஒவ்வொரு பள்ளத்திலும் என் உயிரை வாங்கும். அந்த வகையில் பையன் புண்ணியம் கட்டிக்கொண்டான்.

பழையதற்கு இன்னொரு வியாதியும் உண்டு. சிக்னலில் நின்றால் அணைந்துவிடும். அதனால் நிற்கிற நேரமெல்லாம் இவர் ஆக்சிலேட்டரை மிதித்து உறும விட்டுக்கொண்டே இருப்பார். பேச வேண்டுமென்றால் தொண்டை கிழியக் கத்த வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டே போவோம்.

போன மாதம் ஒரு நாள், ஆஸ்பத்திரிக்குத் திரும்பும் சிக்னலில், எனக்குத் தாங்கவில்லை. "போதுங்க, நிறுத்திடலாம்," என்றேன். இவர் இன்னும் பலமாக மிதித்தார். இந்தப் பேச்சைக் கத்தியா சொல்ல முடியும்? விட்டுவிட்டேன். அன்றைக்கு வந்த ஆத்திரமெல்லாம் வண்டியின் மேல்தான்.

இன்று அதே சிக்னல். சிவப்பு விழுந்ததும் புது வண்டி தானாகவே எஞ்சினை அணைத்துக்கொண்டது. பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறதாம். பழையது அணைந்தால் கோளாறு, புதியது அணைந்தால் சமர்த்து. உள்ளே ஒரு சத்தமில்லை. இண்டிகேட்டர் மட்டும் டிக் டிக்கென்று ஆஸ்பத்திரிப் பக்கம் காட்டிக்கொண்டிருந்தது.

"ஏங்க," என்றேன் மெதுவாக. "எனக்கு டயாலிசிஸ் போதும். ஊசி குத்திக் குத்திக் கையே மரத்துப்போச்சு. அலுத்துப்போச்சுங்க. நிறுத்திடலாம்."

அவர் பிரேக்கை இன்னும் அழுத்திப் பிடித்தார்.

"அன்னைக்கே கேட்டுச்சு," என்றார். "கேட்டதாலதான் மிதிச்சேன்."

எனக்குச் சுருக்கென்றது. பாவம், அந்த வண்டியைப் போய் இத்தனை நாள் திட்டிக்கொண்டிருந்தேன்.

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவர் இண்டிகேட்டரை அணைத்தார்.

"எந்தப் பக்கம் போகட்டும்?"

வழி தவறி ஊரையே சுற்றினாலும் யாரிடமும் வழி கேட்காத மனுஷர். இன்று என்னிடம் கேட்கிறார்.

"இன்னைக்கு ஆஸ்பத்திரிக்கே போங்க," என்றேன். "ஆனா டாக்டர்கிட்ட நீங்கதான் சொல்லணும். எனக்குத் தெம்பில்ல."

"சொல்றேன்," என்றார். மறுபடி இண்டிகேட்டரைப் போட்டார்.